மலையில் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு: பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

"காலை ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், நாள் முழுக்க நேரம் உங்கள் கையில்" என்று எழுதுகிறவர்கள் யாரும் கோத்தகிரிப் பக்கம் ஐந்து மணிக்கு வெளியே வந்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக்குள் கரடி மேயும் நேரம் அது. கரடி இல்லாவிட்டால் காட்டுமாடு. சமவெளியில் யாரோ போட்ட அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொண்டு நானும் இரண்டு வருடம் தலைகீழாக நின்று பார்த்தேன். ஒரு வாரம்கூட உருப்படியாக நடக்கவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள், மகள் நான்காவது, மகன் ஒன்றாவது. மாமியாருக்கு முழங்கால் வலி. கணவர் இலை வண்டி ஓட்டுகிறார், மதியத்துக்கு மேல் தோட்டம் தோட்டமாகப் பச்சை இலை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கிவிட்டு வீடு சேர இரவு பத்தாகும். நான் குன்னூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இப்போது குடும்ப வண்டி ஓரளவு ஓடுகிறது, எப்படி என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தோழிகள் கேட்டதால் வரிசையாக எழுதுகிறேன்.

வழி கற்றுக்கொண்டது என் அம்மாவிடம். அம்மா சிலோனிலிருந்து சின்னப் பிள்ளையாகத் தாயகம் திரும்பியவர். 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே, டான்டீ, அதில் கொழுந்து எடுத்தவர். அவரிடம் கைக்கடிகாரம்கூடக் கிடையாது. ஆனால் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் நேரத்துக்கு, பிந்தினால் அரைப்பேர்தான், அரை நாள் கூலிதான், விழும் என்பது தெரியும். பெரட்டுக்கு முன்னால் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் என்னை விட வேண்டும், அதற்கு முன்னால் எனக்கு ஊட்ட வேண்டும், அதற்கு முன்னால் அடுப்பு எரிய வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவார். நான் கற்றுக்கொண்ட மொத்தப் பாடமும் அவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாள் இருக்கும் அல்லவா, அதன் பின்பக்கம் போதும். ஆப் எதுவும் வேண்டாம், மாவுக் கையோடு போனைத் தொட முடியாது. எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கிறுக்குங்கள். முக்கியமாக, எதற்காகக் காத்திருந்தீர்கள், எதைத் தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். சமையல்தான் என் நேரத்தை விழுங்குகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். தாளைப் பார்த்தால் சமையல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது, குளிக்க வெந்நீர் காய்வதற்கு நின்றது 25 நிமிடம், ஜோடி சாக்ஸ் தேடியது ஒரே நாளில் 12 நிமிடம், "பல் தேச்சியா, பல் தேச்சியா" என்று கத்தியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

படி 2: நகராத ஒன்றைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்

எனக்கு அது 7.50 பஸ். அதை விட்டால் அடுத்தது 8.40, அப்புறம் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பள்ளி வேனாக இருக்கலாம், ஷிப்டாக இருக்கலாம். ஒன்றே ஒன்றை எடுங்கள்.

இப்போது கணக்கு. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் படிக்கட்டு இறங்க 10 நிமிடம். மூடுபனி என்றால் 15. வழியில் காட்டுமாடு நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான், குடையை ஆட்டி விரட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், அதற்கு ஒரு 10. ஆக, 7.25-க்கு நான் வாசலில் செருப்பு மாட்டியாக வேண்டும். 7.05-க்கு டப்பாக்கள் மூடியிருக்க வேண்டும். அப்படியானால் 6.10-க்கு அடுப்பு. அப்படியானால் 5.50-க்கு எழுந்தால் போதும், ஐந்து மணிக்கு அல்ல. அந்த 50 நிமிடத் தூக்கம் நான் சம்பாதித்த முதல் லாபம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். காட்டுமாட்டுக்கு ஒதுக்கிய 10 நிமிடத்தில் வேறு வேலையைத் திணிக்காதீர்கள். "இன்னைக்கு மாடு இருக்காது" என்று துணி மடித்த அன்றைக்குத்தான் ஒன்றுக்கு நான்காக நிற்கும்.

பஸ் என்றதும் இன்னொன்று. 2024-இல் மகளிர் இலவசப் பயணத்தை மலைப்பகுதிக்கும் நீட்டினார்கள், நல்ல விஷயம். ஆனால் காலையில் முதலில் வருகிற வண்டியில் ஏறுங்கள், மினி பஸ்ஸாக இருந்தாலும் சரி. இலவச பஸ்ஸுக்குக் காத்திருப்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: மலைக்கு ஏற்ற அடுப்புக் கணக்கு

திருப்பூரில் இருக்கும் என் தங்கை மூன்று விசிலில் பருப்பை இறக்கிவிடுவாள். இங்கே அதே குக்கர், அதே பருப்பு, ஐந்து விசில். நம் கைமணத்தில் குறையில்லை, உயரம்தான் காரணம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் குறைவு. தளதளவென்று கொதிப்பது போலத் தெரியும், பருப்பு மட்டும் கல்லாகவே கிடக்கும். குக்கருக்குள்ளும் இந்தக் குறை கொஞ்சம் இருக்கும். ஆகவே பருப்பை இரவே ஊறப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் பழக்கத்தை வேலை நாளில் விட்டுவிடுங்கள், சமையல் வீடியோவில் சொல்லும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இட்லி மாவு. வேலைக்குப் போகிறவளுக்கு மாவு என்பது பேங்க் டெபாசிட் மாதிரி, ஆனால் டிசம்பர், ஜனவரியில் நம் ஊரில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் அரைத்தபடியே உட்கார்ந்திருக்கும். பொங்காத மாவை வைத்துக்கொண்டு காலை ஆறரைக்கு என்ன செய்வது என்று யோசிப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நான் செய்வது இது. சனிக்கிழமை மதியம் ஊறப் போடுவேன், உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம். சாயங்காலம் அரைக்கும்போது பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பேன். உப்புப் போட்டுக் கையால்தான் கரைப்பேன், கரண்டியால் அல்ல. பிறகு ஒரு பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் பாதி முழுகும்படி இறக்கி, மேலே தட்டு, அதற்கு மேல் பழைய கம்பளி. படுக்கப் போகும்முன் அண்டாத் தண்ணீரை மட்டும் ஒரு முறை மாற்றுவேன். ஞாயிறு காலையில் எட்டிப் பார்த்தால் ஓரத்தில் குமிழி விட்டிருக்கும், மதியத்துக்குள் பாத்திரம் நிரம்பிவிடும். பொங்கியதும் ஃபிரிட்ஜ். வியாழன் வரை கவலை இல்லை, கடைசி நாள் ஊத்தப்பம். ஒரு தடவை அவசரத்தில் கொதிக்கும் தண்ணீரையே அண்டாவில் ஊற்றிவிட்டேன், அடி மாவு வெந்து கட்டியாகிவிட்டது, சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் போனது.

பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலைச் சாப்பாட்டை இறக்கி வைத்துவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. முதல் மாதம் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, பெற்றவள் சமைக்காமல் பிள்ளை வெளியே சாப்பிடுவதா என்று. மகன் வந்து "நம்ம வீட்டுப் பொங்கலைவிட அது நல்லா இருக்கும்மா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

படி 4: துணி

ஞாயிறு மொத்தத் துவையல் இந்த ஊருக்கு ஆகாது. ஜூனில் பிடிக்கும் சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை, துணி மூன்று நாளானாலும் நமுத்துக்கொண்டே கிடக்கும். செவ்வாய், சனி என்று பிரித்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்ம் ஆளுக்கு மூன்று செட். சாக்ஸ் எல்லாம் ஒரே நிறம், ஒரே கடை, ஆளுக்கு ஆறு ஜோடி; எந்த இரண்டை எடுத்தாலும் ஜோடி. 12 நிமிடம் மிச்சம்.

படி 5: வேலையை இறக்கும்போது ஞாபகத்தையும் சேர்த்து இறக்குங்கள்

இதைத்தான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன், முதலில் கற்றிருக்க வேண்டும். 2024-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சொந்த வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. இதை என் கணவரிடம் படித்துக் காட்டியபோது "நான்தான் தினமும் செய்றேனே" என்றார். பொய் இல்லை, செய்வார். எப்படி என்றால் இப்படி:

"ஏங்க, தம்பிக்கு சாக்ஸ் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"தண்ணி பாட்டில்?"

"நீ சொல்லவே இல்லையே."

கை அவருடையது, தலை என்னுடையது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பாட்டிலை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தால் அது எந்த விதத்தில் பகிர்வு? ஆகவே உதவி கேட்பதை நிறுத்தினேன். அவருக்குக் காலையில் வண்டி கிடையாது, அதனால் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளியில் விடும் வேலையை முழுசாகக் கொடுத்தேன். பை, பாட்டில், டைரியில் கையெழுத்து, பள்ளி வாட்ஸ்அப் குரூப், எல்லாம் அவர் பொறுப்பு. நான் 7.25-க்கு இறங்கிவிடுவேன், போன் செய்ய மாட்டேன்.

முதல் வாரம் மகள் டைரி இல்லாமல் போனாள், மகன் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு போனான், அத்தை இரண்டு நாள் முணுமுணுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இந்தப் படியிலேயே கஷ்டமான இடம், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் டீச்சர் என் நம்பருக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவருக்குக் கூப்பிட ஆரம்பித்தார். அத்தைக்கும் உட்கார்ந்து செய்யும் வேலை பிடிக்கும், பூண்டு உரிப்பது, பீன்ஸ் நறுக்குவது, சீரியல் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்துக்கு முடித்துவிடுகிறார்.

அலுவலகத்திலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, அதனால்தான் அம்மாவுக்குப் பிள்ளைக் காம்பரா கிடைத்தது. மகப்பேறு சட்டத்தை 2017-இல் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ உள்ள மற்ற நிறுவனங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கினார்கள். என் அலுவலகத்தில் 11 பேர்தான், எனக்கு ஆகாது. உங்களுக்கு ஆகலாம்.

படி 6: மழை நாளுக்கு வேறு திட்டம்

கலெக்டர் லீவு விட்டால் பிள்ளைகளுக்கு மட்டும்தான் லீவு, நமக்கு இல்லை. அறிவிப்பு சில நாள் விடிந்த பிறகுதான் வரும், அந்த நேரத்தில் ஆள் தேட முடியாது. மேல்வீட்டு அக்காவும் நானும் மே மாதமே பேசி வைத்துவிடுவோம், முதல் மழை லீவுக்கு அவர் வீடு, அடுத்ததற்கு எங்கள் வீடு. அவர் நர்சரியில் நாற்று வேலைக்குப் போகிறவர், மழை என்றால் அவருக்கும் பாதி நாள்தான். என் முறை வரும் நாளில் நான் அரை நாள் லீவு போட்டுக்கொள்வேன், அதற்கென்றே வருடத்துக்கு நான்கு நாளைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

2009 நவம்பர் மண்சரிவு ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாற்பது பேருக்கு மேல் இறந்துபோன அந்த வாரத்தில் பாதை துண்டாகி அவரவர் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அதனால் அலுவலக டிராயரில் ஒரு மாற்றுத் துணி, டார்ச், மாத்திரை, பிஸ்கட் எப்போதும் கிடக்கும். நான் வரவில்லை என்றால் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒரு நாள் சும்மா ஒத்திகை பார்த்தோம், மகன் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிவிட்டான்.

ஏப்ரல், மே சீசனுக்குத் தனியாக எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, ஆனாலும் பழக்காட்சி, மலர்க்காட்சி நாட்களில் பஸ் ஊர்ந்துதான் போகும். ஒரு பஸ் முன்னதாகப் பிடியுங்கள், படி 2-இல் உள்ள எல்லா நேரத்தையும் அதற்குத் தக்கபடி முன்னால் தள்ளுங்கள். பள்ளி லீவுதான், டப்பா வேலை இருக்காது, சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். தாள் எழுதுவது இந்த வாரம், பின்னோக்கிக் கணக்கு அடுத்த வாரம், கணவரிடம் பேசுவது அவர் நல்லபடி சாப்பிட்டு முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்று சனிக்கிழமை என்றால் முதலில் எழுந்து போய் உளுந்தை ஊறப் போடுங்கள், வெந்தயம் மறக்க வேண்டாம்.