கார்த்திகைப்பூக் கொடியைக் கிண்ட வேண்டாம்

மாரி மழை விழுந்து சில வாரத்தில் திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரையில், நாயுண்ணிப் பற்றைகளைப் பிடித்துக்கொண்டு கார்த்திகைப்பூக் கொடி ஏறும். ஏறுவதற்கு இலையின் நுனியே சுருண்டு கையாகிவிடும். பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

பிழை விடுவது மண்ணுக்குக் கீழேதான். வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) என்று நினைத்து இதன் கிழங்கைத் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். அவித்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். இதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் தண்ணீராக வயிற்றோட்டமும் தொடங்கும். அது கொஞ்சம் அடங்கியதும் "சரி, சுகமாகிவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடுவது இன்னும் பெரிய தவறு. இரத்த அணுக்கள் குறைவது அதன் பிறகுதான். தப்பியவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமயிர் கொட்டும். மாற்று மருந்து கைவசம் இல்லாத நஞ்சு இது. வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூத்திருக்கும்போது கிண்டி வளவில் நடுவது அடுத்த தவறு. கிழங்கு கலப்பை போல் இரண்டு கவடாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். ஒவ்வொரு கவட்டின் நுனியிலும் பொதுவாக ஒரே ஒரு முளைதான். மண்வெட்டி பட்டு அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கவடு அநேகமாக வீண். பூக்கும் காலத்தில் புதுக் கிழங்கு அப்போதுதான் திரண்டுகொண்டிருக்கும் என்பதால் இழப்பு இரட்டிப்பு.

மஞ்சளும் சிவப்பும் இரண்டு இனம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே பூதான், மஞ்சளும் பச்சையுமாக விரிந்து நாளாக நாளாகச் சிவக்கும்.

கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில் கொடி இருந்த அடையாளமே இருக்காது. செத்துவிட்டது என்று அந்த இடத்தைக் கொத்தித் துப்புரவாக்காதீர்கள், கிழங்கு உறங்குகிறது. வேலியோரம் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள்.

வளவில் வேண்டுமென்றால் காய் வெடித்ததும் விதை எடுத்து மணலில் போடுங்கள், பூக்கச் சில வருடம் பிடிக்கும். செம்மஞ்சள் நிறத்தில் மினுங்கும் அந்த விதையும் நஞ்சுதான், அதனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில் வளருங்கள்.