சான்றிதழா, பட்டமா? பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னொரு பட்டம் படிக்கலாமா, அல்லது சில மாதங்களில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாமா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் ஓயாமல் எழும் கேள்வி இது. இரண்டில் எது உயர்ந்தது என்று பார்ப்பதுதான் முதல் தவறு. அந்தத் தாளை யார் வாங்கிப் பார்க்கப்போகிறார்கள், எதற்காகப் பார்ப்பார்கள் என்பதையே கேட்க வேண்டும்.

உரிமம் தேவைப்படும் தொழில்களில் விவாதத்துக்கே இடமில்லை. நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு செய்ய, அதற்கான வாரியம் ஏற்கும் பொறியியல் பட்டம் வேண்டும். அதன்மேல் அனுபவமும் தேர்வுகளும் வேண்டும். குறுகியகாலச் சான்றிதழ்களை எத்தனை அடுக்கினாலும் அந்தப் பட்டத்துக்கு ஈடாகாது. கணினித் துறையில் நிலைமை வேறு. அங்கே நீங்கள் விரும்பும் பதவிக்கான விளம்பரங்களைப் பத்துப் பதினைந்தாவது படித்துப் பாருங்கள். எந்தச் சான்றிதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குத்தான் மதிப்பு.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். சான்றிதழ் என்பது பட்டத்துக்கு மாற்று என்று நம்பிப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வை எடுத்துக்கொள்வோம். நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்குத் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் 36 மாதம் போதும். பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு 60 மாதம் வேண்டும். இணையப் பாதுகாப்பில் பெயர்பெற்ற சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்தாண்டு அனுபவம் தேவை. பொருத்தமான பட்டம் இருந்தால் அதில் ஓராண்டு குறையும். அனுபவம் இல்லாமலே தேர்வில் வென்றவருக்கு முழுத் தகுதி கிடைக்காது, இணை நிலைதான் கிடைக்கும். ஆக, பட்டம் இல்லாதவருக்கும் வழி திறந்தே இருக்கிறது, ஆனால் காத்திருப்பு நீள்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்து, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் தகுதியில்லை என்று அறிவது எவ்வளவு வேதனை!

இன்னொன்று, காலாவதி. பட்டம் வாழ்நாள் முழுவதும் செல்லும். பிஎம்பி சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான நேரத்தையும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

தமிழகத்திலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியில் சிங்கப்பூருக்கு வர விரும்புவோர், விண்ணப்பங்களைப் புள்ளி போட்டு மதிப்பிடும் காம்பஸ் முறையைக் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இந்த முறையில் கல்வித் தகுதிக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. பட்டத்துக்கும், துறை அமைப்புகள் ஏற்ற சில தொழில்முறைத் தகுதிகளுக்கும் மட்டுமே அவை கிடைக்கும். பட்டம் உண்மையானது என்பதற்குச் சரிபார்ப்புச் சான்றும் கேட்கிறார்கள்.

தனியார் கல்வி நிலையங்களில் பட்டம் படிப்போர் ஒன்றை மனத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள். நிலையம் முறையாகப் பதிவு பெற்றிருப்பதால் மட்டுமே அங்கே தரும் பட்டத்தை அரசாங்கம் அங்கீகரித்துவிட்டது என்று ஆகிவிடாது. முகவர் சொல்வதை நம்பாமல், வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் அந்தப் பட்டத்தை ஏற்கின்றனவா என்று விசாரியுங்கள்.

நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து, பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைக்கிறது. யாரோ வற்புறுத்தினார்கள் என்று அதை அவசரமாகச் செலவழிக்காதீர்கள். அந்தத் தொகைக்குக் காலாவதித் தேதி இல்லை. குறுகியகாலப் பயிற்சிக்கு மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம்; தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிநேரப் பட்டப்படிப்புகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம்.