மலைப் பாம்புகளும் ஓணான்களும்: சமவெளிக் கணக்கு இங்கே உதவாது

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்கள் பலர், இந்தக் குளிரில் பாம்பு எங்கே இருக்கப் போகிறது என்ற நினைப்பில்தான் புல்வெளியில் உட்காருகிறார்கள். முதல் தவறு அதுதான். ஜனவரியில் உறைபனி விழும் 2,000 மீட்டர் உயரத்திலும் பாம்புகள் வாழ்கின்றன. குளிர்ந்த ரத்தப் பிராணி என்பதால் அவற்றுக்கு வெயில் வேண்டும். காலை வெயில் விழும் பாறை, ஒற்றையடிப் பாதையின் ஓரம், தேயிலைச் செடியின் மேல்பக்கம் என்று நாம் இதமாக உணரும் இடங்களையே அவையும் தேடி வரும்.

அப்படி வெயில் காயும் பாம்பைக் கம்பால் விரட்டாதீர்கள். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிவது கடினம். இந்த மலைகளின் குழிவிரியன் என்ற விஷப்பாம்புகளும், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும் குட்டி போடுபவை. வயிற்றில் குட்டிகளோடு இருக்கும் தாய்க் குழிவிரியன் வெயிலில் கிடந்துதான் அவற்றுக்குச் சூடு கொடுக்கிறது.

அடுத்தது, அசையாமல் கிடப்பதைச் செத்த பாம்பு என்று எண்ணுவது. சமவெளியில் சாரையைப் பார்த்துப் பழகிய நமக்கு, பாம்பென்றால் ஆளைக் கண்டதும் ஓட வேண்டும். குழிவிரியன் ஓடாது. ஒரே இடத்தில் சுருண்டு, இரை தானாக வரும்வரை காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழிகளால் இரையின் உடல் சூட்டை இருட்டிலும் உணரும். அதன் பக்கத்தில் கையை வைத்தால் கடிக்கத்தான் செய்யும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு விரலில் கடி விழுவது இப்படித்தான்.

அப்புறம் பச்சை நிறக் குழப்பம். கண்ணைக் கொத்தும் என்று நாம் பயப்படும் பச்சைப்பாம்பு கொடி மாதிரி மெலிந்தது, கூரான மூக்குடையது, மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லாதது. வால்பாறைப் பக்கம் தென்படும் பச்சைக் குழிவிரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் கொண்டது. பச்சையாக இருப்பதால் ஒன்றுமில்லை என்று பிடிப்பதும் தவறு, விஷப்பாம்பு என்று அடிப்பதும் தவறு. எது என்று பார்க்கக் கிட்டே போகவே வேண்டாம்.

எனக்கு அதிகம் வலிப்பது கேடயவால் பாம்பின் கதைதான். கேரட், உருளைத் தோட்டங்களில் மண்ணைக் கொத்தும்போது வெளியே வரும். வால் வெட்டியெடுத்தது போல மொட்டையாக இருப்பதால் இரண்டு தலைப் பாம்பு என்று அங்கேயே அடித்துவிடுகிறார்கள். அதற்கு விஷமே கிடையாது. மண்ணுக்குள் வளை தோண்டி மண்புழு தின்று வாழ்கிறது. இந்தக் குடும்பம் முழுவதும் தென்னிந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. வெளியே வந்தால் ஈர மண்ணில் விட்டால் போதும், தானே உள்ளே போய்விடும்.

கடி பட்டால் இறுகக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் கெடுதல். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரானது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எந்தப் பாம்பு என்று மருத்துவருக்குத் தெரிவது முக்கியம். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் நல்லது, அடித்துத் தூக்கிவர வேண்டாம். மருந்து இல்லையே என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. மலையடிவாரக் காடுகளில் உள்ள கூன்மூக்கு விரியனும் ஒரு குழிவிரியன்தான், அதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கிறது.

ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பழக்கத்தையும் சிலர் மலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஊட்டியில் வேலிச் செடிகளில் மெல்ல நகரும் பச்சை ஓணான், சேலியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. காப்பாற்றுகிறோம் என்று பிடித்துக் கீழே கொண்டுபோய் விடாதீர்கள், சமவெளிச் சூடு அதற்கு ஆகாது. அதே போல, கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திரும்ப வையுங்கள். அடியில் உள்ள ஈரத்தை நம்பித்தான் அரணையும் சின்னப் பாம்பும் அங்கே இருக்கின்றன.