“பிரச்சினை இல்லை சேர்”: தள்ளாடும் மென்பொருள் கம்பனியை நடத்துவோருக்கு

ஹட்டனில் நாங்கள் நடத்திய மென்பொருள் கம்பனியில் 22 பேர் இருந்தோம். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வட்டமாக நிற்பார்கள், நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து “ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்று கேட்பேன், “பிரச்சினை இல்லை சேர்” என்ற பதில் வரிசையாக வரும். அப்படியொரு திங்கட்கிழமை நிம்மதியாக பிளேன்டீ குடிக்கப் போனேன். வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: மூன்று வாரத்துக் கட்டணப் பதிவுகள் இரட்டித்துக் கிடக்கின்றன. விசாரித்துப் பார்த்தபோது, எங்கள் பொறியியலாளர்களில் நால்வர் அந்தப் பிழையைப் பத்து நாட்களுக்கு முன்னரே கண்டிருந்தார்கள் என்பது தெரியவந்தது. அவர்கள் மறைத்ததாக நான் இன்றும் கருதவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதிலும் சொல்லலாம் என்பதை அதுவரை யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

கண்டியிலோ ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பத்து முதல் ஐம்பது பேர் வரை வைத்துக்கொண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ கொழும்புக் கம்பனிக்கோ மென்பொருள் செய்துகொடுக்கும் ஒருவர், வருமானம் சுருங்கி, நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்று போகும் கட்டத்தில் என்ன செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன். பணத் தட்டுப்பாடுதான் முதலில் கண்ணில் படும். நான் பார்த்த வரையில் அதற்கு அடியில் கிடப்பது ஒன்றே ஒன்று: கெட்ட செய்தி உரிய நேரத்தில் மேலே வந்து சேர்வதில்லை.

முதலில் கணக்கு

கையிருப்புப் பணம் இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும் என்பதை, வர வேண்டிய பணத்தைச் சேர்க்காமல் கணக்கிடுங்கள். “அடுத்த வாரம் அனுப்புகிறேன்” என்று வாடிக்கையாளர் சொன்ன தொகை, வங்கிக் கணக்கில் விழும் வரைக்கும் உங்களுடையது அன்று. இந்த எண்ணைக் கணக்காளர் மட்டும் அறிந்திருப்பது போதாது. முடிவெடுக்கும் ஒவ்வொருவரும் மாதத்தின் முதல் நாளில் அதை அறிந்திருக்க வேண்டும்.

தள்ளாடும் கம்பனிகள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்காக ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு, தம் பங்கான 12 சதவீதத்தையும் சேர்த்துக் கட்டாமல், “இரண்டு மாதம் போகட்டும், பிறகு சேர்த்துக் கட்டுவோம்” என்று அந்தப் பணத்தில் மின்கட்டணமும் வாடகையும் கொடுப்பார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதமும் அப்படியே நின்றுபோகும். சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மலையகத்தில் ஊழியரின் பெற்றோர் பலர் தோட்டத்தில் உழைத்து, தங்கள் சேமலாப நிதியை எண்ணி வீடு கட்டுவதையும் மகளின் கல்யாணத்தையும் திட்டமிட்டவர்கள். தங்கள் பிள்ளையின் கணக்கில் பணம் விழவில்லை என்பது தோட்டக் குடியிருப்பான லயத்தில் தெரியவந்தால், அதன் பிறகு நீங்கள் கூட்டத்தில் பேசும் எந்த வார்த்தையும் எடுபடாது.

பணிப்பாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கம்பனியின் தேறிய சொத்து (கடன்களைக் கழித்த பின் எஞ்சும் சொத்து) அதன் கூறப்பட்ட மூலதனத்தில் (பங்குகளை வெளியிட்டுப் பெற்ற தொகையில்) பாதிக்கும் கீழே போய்விட்டதெனப் பணிப்பாளர் ஒருவருக்குத் தெரியவந்தால், பணிப்பாளர் சபை 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரர்களின் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க வேண்டும். சிறிய கம்பனிகளில் பலருக்கு இப்படியொரு கடமை இருப்பதே தெரியாது.

உண்மையை எந்த மொழியில் சொல்வது

கணக்கு தெளிவான பிறகு, எல்லோரையும் அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் போய்விட்டார், எந்தத் தேதியில் அடுத்த முடிவு எடுக்கப்படும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் விடுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் நாணயமாற்று விகிதம் தளர்த்தப்பட்டு, டொலரின் விலை சில வாரங்களில் 200 ரூபாய் அளவிலிருந்து 300 ரூபாயைத் தாண்டியதையும், மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் அனுபவித்த ஊழியர்கள் இவர்கள். மேலே இருப்பவர் தரும் ஆறுதலின் பெறுமதியை அவர்கள் அந்த வருடமே எடைபோட்டு முடித்துவிட்டார்கள்.

நாங்கள் இத்தகைய கூட்டங்களை முதலில் ஆங்கிலத்தில் நடத்தினோம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்திருந்ததால் அதுவே பொதுவானது என்று நினைத்தோம். விளைவு, கொழும்பில் படித்த மூவர் மட்டும் பேச, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேள்வி கேட்கலாம், அதை ஒருவர் மற்ற மொழியில் சொல்வார் என்று மாற்றினோம். கூட்டம் ஒரு மணித்தியாலத்துக்குப் பதில் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்தக் கூடுதல் ஒரு மணித்தியாலத்தில்தான், அதுவரை வாயே திறக்காத பெண் பொறியியலாளர் ஒருவர், எங்கள் பழைய சேர்வரின் பேக்கப் நான்கு மாதங்களாக எடுக்கப்படவே இல்லை என்று தமிழில் சொன்னார்.

இன்னொரு எச்சரிக்கை: “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று பேசாதீர்கள். குடும்பத்தில் அண்ணன் தவறு செய்தால் தம்பி அதைச் சபையில் சொல்ல மாட்டான். குழுத்தலைவரை அண்ணன் என்றும் அக்கா என்றும் அழைப்பதை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன், அது செயற்கையாகிவிடும். அண்ணன் எழுதிய கோட்டில் (மென்பொருள் நிரலில்) பிழை இருக்கிறது என்று தம்பி எழுதுவதற்கு வேலை முறையிலேயே ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். யாருடைய கோட்டும், நிறுவனரின் கோட்டும்கூட, இன்னொருவர் பார்த்துக் குறிப்பெழுதாமல் வாடிக்கையாளரிடம் போகக்கூடாது என்று விதி செய்தால், குறை சொல்வது மரியாதைக் குறைவாக இல்லாமல் கடமையாகிவிடும்.

பெரட்டுக் களத்திலிருந்து வெளியே வருவது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியற்காலையில் களத்தில் கூடி நிற்க, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வரும். தோட்ட முகாமையாளரான துரை பேசுவார், கணக்கப்பிள்ளை எழுதுவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஒன்றரை நூற்றாண்டாகப் பழகிய அந்த முறையில், மேலிடத்துக்குச் சொல்லப்பட்ட கெட்ட செய்தி, சொன்னவரின் பேரை வெட்டுவதில், அதாவது அன்றைய நாட்கூலி போவதில், முடிந்ததுண்டு. மென்பொருள் கம்பனியின் நின்றபடி நடக்கும் காலைக் கூட்டத்தை எவ்வளவு நவீனமாக வடிவமைத்தாலும், வட்டத்தின் நடுவில் நிற்பவர் துரையைப் போல் கேட்டால், பெரட்டில் கிடைத்த பதிலே கிடைக்கும். ஹட்டனில் நான் செய்தது அதுதான்.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய நோய் அன்று. கைத்தொலைபேசிச் சந்தையில் முதலிடத்தில் இருந்த பின்லாந்தின் நோக்கியா, 2013இல் தன் தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொப்ட்டுக்கு விற்பதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அதன் வீழ்ச்சியைப் பற்றி முகாமையாளர்களும் பொறியியலாளர்களும் உள்ளிட்ட 76 பேரிடம் பேசி ஆராய்ந்த குய் ஹுய், டிமோ வூரி ஆகிய இருவரும், மேலிடத்தின் கோபத்துக்கு அஞ்சிய இடைநிலை முகாமையாளர்கள் தங்கள் இயங்குதளத்தின் பலவீனத்தை மேலே முழுமையாகச் சொல்லவில்லை என்று காட்டினார்கள். அங்கே தேயிலையும் இல்லை, துரையும் இல்லை.

மாற்றுவதற்கு நாங்கள் செய்தவற்றுள் பலன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, கேள்வியை மாற்றினோம். “பிரச்சினை இருக்கிறதா?” என்பதற்கு “இல்லை” என்ற ஒற்றைச் சொல் போதும். “உங்கள் வேலையில் இன்னும் ஓட்டிப் பார்க்காத பகுதி எது?”, “நாளையே வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் எது முதலில் உடையும்?” என்ற கேள்விகளுக்கு அப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது. முதல் இரண்டு வாரம் நானே என் வேலையைப் பற்றி முதலில் பதில் சொன்னேன்: வாடிக்கையாளரிடம் கொடுத்த விலை மதிப்பீட்டில் பரிசோதனைக்கான நாட்களைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்றேன். அறையில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அடுத்த முறை வாயைப் பொத்தாமல் சிரிப்பதற்கு ஒரு மாதம் ஆனது.

இரண்டாவது, கெட்ட செய்தி கேட்ட முதல் நிமிடத்தில் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்கு முகம் சுருங்கும் பழக்கம் உண்டு; அதை ஊழியர்கள் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். ஆகவே, “சொன்னதற்கு நன்றி, இப்போது வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு?” என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். அந்த முதல் நிமிடத்தில் “யார் செய்தது?” என்று கேட்டுவிட்டால், அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களிடம் வரும் செய்தி எல்லாம் வடிகட்டியே வரும்.

மூன்றாவது, ஒவ்வொரு பெரிய தவறுக்குப் பிறகும், நடந்தவற்றை நேர வரிசையில் எழுதினோம், ஆட்களின் பெயர் இல்லாமல், “10.40க்கு மாற்றம் சேர்வரில் ஏற்றப்பட்டது, 11.15க்கு முதல் எச்சரிக்கை வந்தது, 14.00 வரை எவரும் பார்க்கவில்லை” என்ற அளவில். அப்படி எழுதியபோதுதான் ஒரு விடயம் தெரிந்தது: எச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டு எட்டு மாதம் ஆன ஒருவருடையது.

வெட்ட வேண்டியதை வெட்டுவது

நெருக்கடியில் இருக்கும் கம்பனி பெரும்பாலும் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் வேலைகளை ஏற்றுக்கொண்டிருக்கும். தாமதமான வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்ப்பதும் உதவாது. தாமதமான மென்பொருள் செயற்றிட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்பதை ஐபிஎம்மில் பணியாற்றிய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். எதை விடுவது என்று தீர்மானியுங்கள். தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து எடுக்க முடியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே, ஒரு தயாரிப்பைக் கைவிட்டதும் வருமானம் முதலில் இறங்கும் என்பதைப் பங்குதாரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கவ்வாத்தின்போது செடி மூச்சுவிடுவதற்காக ஓரிரு கிளையை வெட்டாமல் விடும் முறையும் உண்டு. அதுபோல, லாபம் குறைவானாலும் மாதந்தவறாமல் பணம் தரும் ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைக் குறைப்பது தவிர்க்க முடியாததானால், சட்டத்திலிருந்து தொடங்குங்கள். கடந்த ஆறு மாதத்தில் சராசரியாக 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்த தொழில்தருநர், 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு, அவரின் எழுத்து மூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ பெற வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உரியது. அதை வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். “நீங்களாகவே விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது” என்று அறைக்குள் அழைத்துச் சொல்லும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஊர் சிறியது, அனுப்பப்பட்டவரை அடுத்த தேர்த் திருவிழாவில் அவருடைய தாயாருடன் பார்ப்பீர்கள். பட்டியலை ஒரே நாளில் முடியுங்கள், ஒவ்வொருவரிடமும் நீங்களே நேரில் பேசுங்கள், எஞ்சியிருப்போரிடம் அன்று மாலையே “இப்போதைக்கு இவ்வளவுதான், அடுத்த பரிசீலனை இந்தத் தேதியில்” என்று சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருவராக அனுப்பும் கம்பனியில், எஞ்சியவர்கள் கோட் எழுதும் நேரத்தில் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

தாமாக விலகுவோர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கொழும்புக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவரை மறிக்க முடியாது. அவருடைய கடைசி மாதத்தில் புதிய வேலை எதையும் கொடுக்காமல், அவர் அறிந்ததை எழுதி வாங்குங்கள். எஞ்சியிருப்போர் விடயத்தில் ஒன்று: மழைக் காலத்தில் மண்சரிந்து பாதை மூடினால் வீட்டிலிருந்து வேலை செய்பவரின் சிக்னல் ஒரு மணித்தியாலம் போய்வரும். இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி திரையில் எரிகிறதா என்று பார்த்து அவரை அளக்காதீர்கள்.

மாற்றத்தை எப்படி அளப்பது

ஒரு கொப்பியில் இரண்டு நேரங்களை எழுதிவையுங்கள்: தவறு முதலில் ஓர் ஊழியரின் கண்ணில் பட்ட நேரம், அது உங்கள் காதுக்கு எட்டிய நேரம். எங்களுக்கு அந்த இடைவெளி பத்து நாளில் தொடங்கி, ஏழு மாதத்தில் ஒரு வேலை நாளுக்குள் வந்தது. இதற்கிடையே பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை ஏறும். அதைக் கண்டு பதற வேண்டாம். மருத்துவமனைக் குழுக்களை 1990களில் ஆராய்ந்த ஏமி எட்மன்சன், நன்றாக இயங்கும் குழுக்களிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் குழம்பினார். அந்தக் குழுக்களில் தவறைத் துணிந்து சொன்னார்கள் என்பதே பின்னர் அவர் கண்ட விளக்கம். இதைப் பணிப்பாளர் சபையிடமும் முதலீட்டாளரிடமும் முதல் மாதத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கத் தவறினோம். மூன்றாம் மாத அறிக்கையில் தவறுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருந்ததைப் பார்த்த ஒரு பங்குதாரர், பொறியியல் பிரிவின் தலைவரை மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். அதை விளக்கி முடிக்க எனக்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன.