ஒரே கணினியில் 8 பிட்டும் 32 பிட்டும்: நிற ஆழத்தைச் செய்து பார்த்து அறிதல்

மட்டக்களப்பில் என்னிடம் செய்நிரலாக்கம் பழக வரும் பிள்ளைகள், நிற ஆழம் (நிறத்தைக் குறிக்க ஒதுக்கும் பிட்களின், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்களின் எண்ணிக்கை) என்றதும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ஒரே கணினி ஓரிடத்தில் 8 என்றும் இன்னோரிடத்தில் 32 என்றும் காட்டுவது. அதையே முதல் படியாக வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ‘பிட் டெப்த்’ என்பதற்கு நேரே பெரும்பாலும் 8 பிட் என்றிருக்கும். அதே பக்கத்தில் டிஸ்பிளே அடாப்டர் புரொப்பர்ட்டீஸைத் திறந்து ‘லிஸ்ட் ஆல் மோட்ஸ்’ பொத்தானை அழுத்தினால், ‘ட்ரூ கலர், 32 பிட்’ என்று வரும். இரண்டும் சரியே. முதலாவது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒவ்வொன்றுக்கும் உரிய பிட்களைச் சொல்கிறது. இரண்டாவது, ஒரு பிக்சலுக்கு, அதாவது படத்தின் ஒரு புள்ளிக்கு, நினைவகத்தில் ஒதுக்கப்படும் மொத்த இடத்தைச் சொல்கிறது.

இனிக் கணக்கு. 8 பிட்டில் 256 படிநிலைகளைக் குறிக்கலாம். மூன்று நிறங்களுக்கும் 256 × 256 × 256 என்று பெருக்கினால் 16,777,216 நிறங்கள் கிடைக்கும். இதுவே 24 பிட் நிறம். 32இல் எஞ்சிய 8 பிட் ஒளிபுகும் தன்மையைக் குறிக்கவோ, ஒவ்வொரு பிக்சலும் 4 பைட் (32 பிட்) எல்லையில் ஒழுங்காக அமைவதற்கான நிரப்பியாகவோ பயன்படுகிறதேயன்றி, ஒரு நிறத்தையும் கூட்டுவதில்லை. 16 பிட் முறையில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 5, பச்சைக்கு 6 என்று பிரிப்பது வழக்கம். மனிதக் கண் பச்சையின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாக உணர்வதே காரணம்.

அடுத்த படியை வாசித்துவிட்டுக் கடந்துவிடாமல் கட்டாயம் செய்து பாருங்கள், ஏனெனில் நிற ஆழம் கண்ணுக்குப் புலப்படும் இடம் இதுதான். பொழுதுபடும் நேரத்தில் கல்லடிப் பாலத்திலிருந்து வாவிக்கு மேலுள்ள வானத்தைப் படம் எடுங்கள். செம்மஞ்சள் மெல்ல மெல்ல ஊதாவாக மாறும் அத்தகைய வானம்தான் இதற்கு ஏற்றது. பெயிண்ட் மென்பொருளில் அதை 1920 × 1080 பிக்சலாக மாற்றி, ஒருமுறை 24 பிட் பிட்மேப்பாகவும் (பிக்சல்களைச் சுருக்காமல் வரிசையாகச் சேமிக்கும் கோப்பு வகை), இன்னொரு பெயரில் 256 நிற பிட்மேப்பாகவும் சேமியுங்கள். இரண்டாவதை மூடித் திறந்தால், வழுவழுப்பாக இருந்த வானம் வரப்புக் கட்டிய வயல்போலப் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். இடைப்பட்ட நிறங்களுக்கு எண் இல்லாததால், ஒவ்வொரு பிக்சலும் கிட்டிய நிறத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

பின்னர் கோப்புகளின் அளவைப் பாருங்கள். முதலாவதில் 2,073,600 பிக்சல்களுக்குத் தலா 3 பைட், முகப்புத் தகவலுக்கு 54 பைட், ஆக 6,220,854. இரண்டாவதில் பிக்சலுக்கு ஒரு பைட்டே போதும். ஆனால் எந்த எண் எந்த நிறம் என்று கூறும் 1,024 பைட் நிறப்பட்டியலும் அதே 54 பைட் முகப்பும் சேர்வதால் 2,074,678 ஆகிறது.

கடைசியாக, நீங்கள் பழகும் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, இரு கோப்புகளையும் பைட் வடிவில் திறந்து, 0 முதல் எண்ணி 28ஆம் இடத்திலுள்ள பைட்டை அச்சிடுங்கள். ஒன்றில் 24 என்றும் மற்றதில் 8 என்றும் வரும். அந்த 8, செட்டிங்ஸில் கண்ட 8 அன்று. இது முழுப் பிக்சலுக்கும் உரியது.