கண்ணுக்குத் தெரியாத நாய்வேலி: ஒயர் புதைப்பதிலிருந்து கொடி பிடுங்குவது வரை

எங்கள் வீடு வட கரோலினாவில், சார்லட் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அரை ஏக்கர் மனை, நம் ஊர்க் கணக்கில் 50 சென்ட். முன்பக்கம் வேலி போடக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. ஆதரவற்ற விலங்குகளுக்கான ஷெல்டரிலிருந்து கூட்டி வந்த எங்கள் நாய் காளிக்கு அந்த விதி தெரியாது. முதல் மாதத்திலேயே மூன்று முறை சாலைக்கு ஓடிவிட்டாள். மூன்றாம் முறை ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. அன்று இரவே எலக்ட்ரானிக் வேலிக்கு ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்த நேரம் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். ஒயர் சுருளைப் பார்த்ததும், “ஏல, வாயில்லா சீவனுக்குக் கரண்டு வைக்கப் போறியா?” என்றார். மின்வேலி என்றாலே அவருக்கு நினைவு வருவது காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டுகிற கம்பிதான். இது அந்த வகை இல்லை. மண்ணுக்குள் போகும் ஒயரில் ஓடுவது மெல்லிய ரேடியோ சிக்னல். கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. கராஜில் உள்ள டிரான்ஸ்மிட்டர் அந்தச் சிக்னலை அனுப்பும், நாயின் கழுத்துப்பட்டையில் உள்ள ரிசீவர் அதைப் பிடிக்கும். நாய் ஒயரை நெருங்கினால் பட்டை முதலில் ‘பீப்’ என்று கத்தும். இன்னும் நெருங்கினால் பட்டையின் இரண்டு உலோக முனைகள் வழியாகக் கழுத்தில் சுருக்கென்று ஒரு ஷாக். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் உருவாக்கிய உத்தி இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு நான் எழுத முடியாது. வேல்ஸில் 2010 முதல் இந்தப் பட்டைகளுக்குச் சட்டப்படி தடை. விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கமும், நாயைப் பழக்க ஷாக் வேண்டாம் என்று 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மர வேலி போட வழி இருப்பவர்கள் மர வேலியே போடுங்கள். பயந்த சுபாவமுள்ள நாய், கடிக்கப் பாயும் நாய், ஆறு மாதம் நிரம்பாத குட்டி, நோயாளி, சினை நாய் இவற்றுக்கு இது வேண்டவே வேண்டாம். இன்னொன்று: இந்த வேலி உங்கள் நாயை வெளியே விடாதே தவிர, வெளியிலிருந்து வரும் நாயையோ ஆளையோ தடுக்காது. வாசலில் யாரும் இல்லாதபோது நாயை இதை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதற்குப் பிறகும் போடுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு மேற்கொண்டு.

வரைபடமும் 811ம்

முதலில் ஒரு காகிதத்தில் வீடு, கார்ப்பாதை, மரங்கள், சாலை எல்லாவற்றையும் வரையுங்கள். ஒயர் ஒரே சுற்றாக டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பி அங்கேயே வந்து முடிய வேண்டும். மனையின் விளிம்பிலேயே போட்டால் நாய் நடைபாதையை ஒட்டி நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பயமுறுத்தும். நான் எல்லாப் பக்கமும் 10 அடி உள்ளே தள்ளினேன். அப்படியும் சுற்றுக்கு மட்டும் 510 அடி வந்தது. பெட்டியில் இருந்ததோ 500 அடிதான். கடைக்கு இன்னொரு முறை ஓடாமலிருக்க, அளந்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து 811க்கு ஒரு போன். அமெரிக்காவில் மண்ணைத் தோண்டும் முன் கூப்பிட வேண்டிய இலவச எண் இது. சில வேலை நாட்கள் முன்னதாகச் சொன்னால் ஆள் வந்து புதைந்திருக்கும் குழாய்களையும் கேபிள்களையும் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு போனும் இணையமும். தோட்டத்துத் தெளிப்பான் குழாய் போல நீங்களே போட்டுக்கொண்டதை அவர்கள் காட்ட மாட்டார்கள், அது உங்கள் ஞாபகம்தான்.

ஒயர் போடுவது

டிரான்ஸ்மிட்டரைக் கராஜ் சுவரில், பெரிய உலோகச் சாமான்களை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். இடி மின்னல் அதிகமான ஊர் என்றால், திடீரென்று எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.

ஒயரைப் புதைக்கும் முன் புல்லின் மேலேயே விரித்து, இணைத்து, பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். தப்பு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். சரியாக வந்தபின் 1 முதல் 3 அங்குல ஆழத்தில் மண்வெட்டியால் கீறி உள்ளே அழுத்தினால் போதும். எங்கள் ஊர்ச் செம்மண் வெயிலில் செங்கல் போல இறுகிவிடும். மழை பெய்த மறுநாள் வேலையை வைத்துக்கொண்டேன், பாதி நாளில் முடிந்தது. திருப்பங்களில் ஒயரை மடக்காமல் வளைத்து விடுங்கள். வீட்டு மின்கம்பிக்கு இணையாக ஒயரை ஓட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள். கார்ப்பாதையில் சிமென்ட் பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒயரைச் செருகி, மேலே சிலிக்கோன் பசை பூசிவிடலாம்.

கராஜிலிருந்து எல்லை வரை போய் வரும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும், அடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறுக்கு. முறுக்கிய இடத்தில் இரண்டு சிக்னலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நாய் அதன் மேல் தாராளமாக நடக்கலாம். முறுக்காமல் விட்டால் முற்றத்தின் நடுவிலேயே நாய்க்கு ஷாக் அடிக்கும். ஒயரை ஒட்டுப்போடும் இடங்களில் உள்ளே ஜெல் வைத்த, தண்ணீர் புகாத மூடிகளையே பயன்படுத்துங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குத் தாங்காது.

பட்டை

இரண்டு முனைகளும் தோலைத் தொட வேண்டும். முடி அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கத்தரித்து விடுங்கள். முனைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. 12 மணி நேரத்துக்கு மேல் ஒருநாளும் விடாதீர்கள், இரவில் கழற்றுங்கள். முனைகள் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும். பார்க்கிறவர்கள் ஷாக்கில் வெந்த காயம் என்பார்கள், பெரும்பாலும் அது அழுத்தப் புண். நாயைப் பிடித்து நடத்தும் கயிற்றை, அதாவது லீஷை, இந்தப் பட்டையில் மாட்டாதீர்கள், அதற்கு வேறு பட்டை போடுங்கள்.

பழக்கும் இரண்டு வாரம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு வாரக்கடைசி வேலை. உண்மையான வேலி இனிமேல்தான் எழும்புகிறது. ஒயரைப் புதைத்த அன்றே பட்டையை மாட்டி நாயை அவிழ்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு எங்கிருந்து அடி விழுகிறது என்றே புரியாது. பிறகு வீட்டை விட்டே இறங்காமல் வாசற்படியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும்.

பெட்டியில் வரும் வெள்ளைக் கொடிகளை, பீப் தொடங்கும் இடத்தில் 10 அடிக்கு ஒன்றாக நடுங்கள். ஏற்கெனவே 811காரர்கள் நட்ட கொடிகளோடு சேர்ந்து எங்கள் முற்றம் கட்சி மாநாட்டுத் திடல் மாதிரி ஆகிவிட்டது.

முதல் நான்கைந்து நாள் பீப் மட்டும்தான். ஷாக்கை அணைத்துவிடுங்கள். நாயை லீஷில் பிடித்துக் கொடியை நோக்கி நடங்கள். பீப் கேட்ட நொடியே “வா வா வா” என்று குதூகலமாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் பின்வாங்குங்கள். நாய் திரும்பியதும் தின்பண்டம். காளிக்கு நான் கொடுத்தது அவித்த கோழி, பட்டாணி அளவுத் துண்டுகள். ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு பக்கம். மூன்றாம் நாள் மாலை, நான் வாயைத் திறக்கும் முன்பே, பீப் கேட்டதும் காளியின் காது பின்னால் மடிந்தது. தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாள். இந்தத் திருப்பத்துக்குத்தான் இத்தனை நடையும்.

இது வந்தபின் ஷாக்கை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். காது துடிக்க வேண்டும், அல்லது சட்டென்று நின்று திரும்ப வேண்டும், அவ்வளவுதான் தேவை. வீரிட்டால் அளவு அதிகம். உடனே குறையுங்கள், அன்றைக்குப் போதும். என்னைக் கேட்டால், பீப்புக்கே திரும்பும் நாய்க்கு ஷாக்கைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. காளி வாங்கியது மொத்தம் இரண்டு.

இரண்டாம் வாரம் ஆசை காட்டுங்கள். லீஷை விடாமல், கொடிக்கு அந்தப் பக்கம் பந்தை எறியுங்கள். வீட்டில் ஒருவர் எல்லை தாண்டி நடக்கட்டும். காளிக்குக் கடினமான பரீட்சை அப்பாதான். அவர் தபால் பெட்டிக்குப் போனால் அவளும் பின்னாலேயே கிளம்புவாள். ஒரு நாள் பூராவும் அவரை அனுப்பி அனுப்பிப் பழக்கினோம். “என்னை வச்சு நாய்க்குப் பாடம் எடுக்கியாலே” என்று சிரித்தார்.

அப்புறம் லீஷ் தரையில் இழுபட விட்டு, பக்கத்தில் நின்று கவனியுங்கள். கடைசியில் லீஷே இல்லாமல். கொடிகளை ஒரேயடியாகப் பிடுங்காமல், சில நாளுக்கு ஒருமுறை ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள்.

தாண்டிவிட்டால்

நான்காம் மாதம் ஒரு மான் குறுக்கே ஓடியது. காளி பீப்பையும் ஷாக்கையும் வாங்கிக்கொண்டே பாய்ந்துவிட்டாள். மான் போய்விட்டது, இவளுக்கு வீடு திரும்ப வழியில்லை. ஒயரின் இரண்டு பக்கமும் சிக்னல் உண்டு, உள்ளே வரவும் அடி வாங்க வேண்டும். எதிர்வீட்டுத் தபால் பெட்டியடியில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஆனால் திட்டாமல் போய், முதலில் பட்டையைக் கழற்றி, பிறகு கூட்டி வாருங்கள். அடுத்த மூன்று நாள் கொடியை மறுபடி நட்டுப் பயிற்சி.

டிரான்ஸ்மிட்டர் விடாமல் அலறினால் ஒயர் அறுந்திருக்கிறது. எங்களுக்கு இலையுதிர் காலத்தில், புல்தரையில் துளை போட வந்த இயந்திரம் அறுத்தது. இரவு இரண்டு மணிக்கு அலறல். ஒயரின் இரு முனைகளையும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் ஒரு சாண் ஒயரை வளைத்து மாட்டிப் பாருங்கள். அலறல் நின்றால் டிரான்ஸ்மிட்டர் சரி, கோளாறு வெளியே. யார் எங்கே மண்ணைத் தோண்டினார்கள் என்று அங்கே முதலில் தேடுங்கள்.

வாக்கிங் போகும்போது எல்லையை எப்படித் தாண்டுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பட்டையை வீட்டுக்குள்ளேயே கழற்றி வையுங்கள். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே சொல்லில் தாண்டுங்கள். எங்களுக்கு அது கார்ப்பாதையின் இடது ஓரம். முதல் சில நாள் காளி அங்கே காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தாள், இழுக்காமல் கோழித் துண்டைக் காட்டிக் காத்திருந்தோம். சொல் அப்பா வைத்தது: “போலாம்லே.” அவர் ஊருக்குப் போய்விட்டார், நான் அவர் குரலில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.