மலைச்சரிவில் டிராக்டர்: ஏறுவதைப் பார்த்து வாங்கி, இறங்கும்போது மாட்டிக்கொள்கிறோம்

டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.? மேட்டில் ஏறுமா?" என்பதைத்தான். நீலகிரியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் அடுக்கு நிலங்களில் இது பாதிக் கேள்வி. ஏறாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஏறிய வண்டி மூட்டைகளோடு இறங்க வேண்டுமே, சிக்கல் அங்கேதான்.

பெரும்பாலான டிராக்டர்களுக்கு பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய, லேசாகிப்போன பின்சக்கரம் பிரேக் மிதித்ததும் உருளாமல் வழுக்கும். மழையில் ஊறிய செம்மண் என்றால் கேட்கவே வேண்டாம். 4 வீல் டிரைவ் போட்டு இறங்கினால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். மலைக்கு அதை வாங்கச் சொல்வது இதற்காகவும்தான். நம் ஆட்களோ ஏறும்போது போட்டுவிட்டு, மேலே போனதும் எடுத்துவிடுகிறார்கள்.

இதைவிட மோசமானது, இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டே வருவது. இன்ஜின் பிடிப்பு போய்விடும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், வேகம் எடுத்த பிறகு கியர் விழாது. ஏறிய கியரிலேயே, முடிந்தால் அதற்கும் கீழே, இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். அப்புறம், இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொண்டி. நிலத்தில் திருப்புவதற்காகக் கழற்றியதை மாட்ட மறந்து ரோட்டில் இறங்கினால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.

சரிவைக் கண்ணால் அளக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வையுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே 27 செ.மீ. இருந்தால் சரிவு 15 டிகிரி. அதற்கு மேல் சரிவுக்குக் குறுக்காக ஓட்டும் எண்ணமே வேண்டாம். ஈரமோ குழியோ இருந்தால் அதற்கு முன்பேகூட கவிழும். பாத்திக்குள் நுழையட்டும் என்று வாங்கும் மினி டிராக்டரின் ஒடுக்கமும் இங்கே எதிரிதான். சக்கரத் தட்டைத் திருப்பி மாட்டி அகலப்படுத்த முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அடுக்கின் விளிம்பு 5 அடி உயரம் என்றால், சக்கரமும் 5 அடி தள்ளியே ஓட வேண்டும். அவ்வளவு இடமில்லையா? சரி, பின்னால் நடந்தபடி ஓட்டும் பவர் டில்லரை எடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மரக்கட்டை இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்கில், அதாவது பின்னால் கருவி மாட்டும் மேல் இணைப்பில், கட்டுகிறார்கள். கட்டை சிக்கினால் வண்டியின் மூக்கு தூக்கி, பின்பக்கமாக மல்லாந்துவிடும். இரண்டு விநாடிகூட ஆகாது, கிளட்சுக்குக் கால் போவதற்குள் முடிந்துவிடும். கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டுமே கட்டுங்கள்.

கடைசியாக, ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் கம்பி வளைவு. சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே கிளை தட்டுகிறது என்று மடக்கியவர், தோப்பைத் தாண்டியும் நிமிர்த்துவதில்லை. நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். இல்லாவிட்டால் வண்டி ஆளை வெளியே வீசி, அவர்மேலேயே விழும். ரோல் பாரே இல்லாத பழைய வண்டியில் பெல்ட் போடக் கூடாது. மட்கார்டில் உட்கார்ந்து வருபவருக்குக் கம்பியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. அவரை நடந்து வரச் சொல்லுங்கள்.